நாரைகள் என்னைப் பார்த்த படம்

பொங்கல் முடிந்து நாலு நாள் கழித்து நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த நீர்ப்பறவைக் கணக்கெடுப்புப் பிரிவில் இப்போது என் நாற்காலியில் இருப்பவர் அவர்தான். "சார், வெள்ளானூர் பக்கம் ட்ரோன் விடறோம். சும்மா வந்து பாருங்களேன்" என்றார். ஓய்வு பெற்றவனை யாராவது வேலை நடக்கும் இடத்துக்குக் கூப்பிட்டால், அவன் அதற்கு முன்பே சட்டையை மாட்டியிருப்பான். கோவில்பதாகையில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன்.

ட்ரோன் தட்டான்பூச்சி அளவுக்குச் சிறுத்து மேலே போனது. ஏரியில் நின்ற நாரைகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. கீழே இறங்கியதும் நிவேதா படங்களை மடிக்கணினியில் போட்டார். ஒவ்வொரு பறவையின் மேலும் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. ஓரத்தில் எண் ஓடியது, நின்றது. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார்.

நான் பெருமூச்சு விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இதே எண்ணிக்கைக்கு நான் மூன்று நாள் இருட்டறையிலும் இரண்டு நாள் மேசையிலும் கழுத்து ஒடிய உட்கார்ந்தவன். இந்தக் கருவி அன்றைக்கே இருந்திருந்தால் என் கழுத்தெலும்பு இன்று நேராக இருந்திருக்கும். அதையே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்க எப்படி எண்ணினீங்கன்னு எழுதிக் குடுங்க சார், எங்க ஆளுங்களுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். முறையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முறையை எழுதினால் மேபல் மேடத்தை எழுத வேண்டும். மேடத்தை எழுதினால் அந்த ஜனவரியையும் எழுத வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. பூந்தமல்லியில் என் மாமாவுக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு அங்கே நுழைந்தேன். பாஸ்போர்ட் படம், நிக்காஹ் படம், குழந்தைக்குப் பெயர் வைக்கும் படம். ஏழு வருடம் அதிலேயே போயிற்று. பிறகு இந்தப் பிரிவுக்குப் புகைப்படக்காரர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் லென்ஸைப் பற்றியும் ஃபிலிம் வேகத்தைப் பற்றியும் கேட்டார்கள். நடுவில் இருந்த குள்ளமான அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கல்யாண வீட்டு குரூப் போட்டோவுல எல்லார் தலையும் தெரியற மாதிரி எடுப்பீங்களா?"

"எடுப்பேன் மேடம். பின்னாடி நிக்கிற தாத்தா வரைக்கும்."

"அது போதும்" என்றார். அவர்தான் மேபல் மேடம். பட்டாபிராமில் வீடு. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது இருக்கும். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கையில் ஒரு குடை இருக்கும், ஏரிக்கரையில் அதை எந்த வெயிலிலும் விரிக்கமாட்டார். குடை திடீரென்று விரிந்தால் பறவைக்குக் குலை நடுங்கும் என்பது அவர் கட்சி.

வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் பத்து நாள் பயிற்சிக்கு குஜராத்துக்கு அனுப்பினார்கள். பெருங்கொக்குகளை அங்கேதான் பார்த்தேன். அறுத்த வயல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் அவை நின்றன. எங்கிருந்தோ பனிமலையைத் தாண்டி வந்தவை என்றார்கள். எழும்பும்போது வந்த சத்தத்தில் நான் கேமராவை இயக்கவே மறந்துபோனேன். கூட்டத்தைத் துண்டு துண்டாகப் படமெடுத்து ஒட்டும் வித்தையை அங்கே கற்றுக்கொண்டு திரும்பினேன். நம் பக்கத்து ஏரிகளுக்கு அந்தப் பெருங்கொக்குகள் வருவதில்லை. தை மாதம் தண்ணீர் வற்ற வற்ற இங்கே கூடுபவை சங்குவளை நாரைகள். வெள்ளை உடம்பு, நீண்ட மஞ்சள் மூக்கு, வால் பக்கத்தில் யாரோ ரோஸ் பவுடரைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு நிறம். ஆனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் எல்லாமே கொக்குதான். எனக்குப் பெயரும் அப்படித்தான் விழுந்தது. "இன்னா கொக்கு பாய், இன்னிக்கு எத்தினி மாட்டிச்சு?" என்று கேண்டீனில் தினமும் கேட்பார்கள்.

இப்போது நிவேதா கேட்ட முறை.

விடிவதற்கு முன் கரைக்குப் போய்விட வேண்டும். நான் கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் போவேன். மேடம் முதல் ரயிலில் ஆவடிக்கு வந்து, பஸ் பிடித்து வருவார். கரையில் துண்டை விரித்து நான் சுபுஹு தொழுது முடிக்கும் வரை மேடம் பத்தடி தள்ளி, ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவரும் ஏதோ வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். வெளிச்சம் வந்ததும் முக்காலியைக் குட்டையாக விரித்து, கேமராவைப் பொருத்தி, லென்ஸ் மினுங்காமல் இருக்க அதன்மேல் கறுப்புத் துணி போர்த்துவேன். நிற்கக் கூடாது, குந்தித்தான் வேலை செய்ய வேண்டும். தண்ணீருக்குள் முன்கூட்டியே குச்சிகள் நட்டிருப்போம். முதல் படத்தின் வலது ஓரத்துக் குச்சி அடுத்த படத்தின் இடது ஓரத்தில் வர வேண்டும். இப்படி இடமிருந்து வலமாகப் பதினாலு படம். இது ஒரு சுற்று. இருபது நிமிடம் விட்டு இன்னொரு சுற்று. பிறகு மூன்றாவது. மூன்று சுற்றும் ஒரே காலையில் முடிந்தால்தான் அது கணக்கு. இல்லாவிட்டால் அந்தக் காலை செல்லாது.

அப்புறம் இருட்டறை. பதினாலு படத்தையும் பெரிதாகப் போட்டு, குச்சிக்குக் குச்சி ஒட்ட வைத்து, குண்டூசியை எடுத்து ஒவ்வொரு பறவையின் தலையிலும் ஒரு குத்து. முடிந்ததும் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து ஓட்டைகளைப் பத்துப் பத்தாக எண்ண வேண்டும். தலையை இறக்கைக்குள் செருகித் தூங்கும் பறவைக்கு எங்கே குத்துவது என்று நான் கேட்டபோது, "தூங்கறதை எழுப்பிட்டா குத்தப் போறீங்க? முதுகுல குத்துங்க" என்றார் மேடம். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை இது என்று நினைக்கிறேன்.

திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். ஏதாவது தப்பு இருந்தால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார், அவ்வளவுதான். எங்கே தப்பு என்று நாமே தேட வேண்டும். முதல் வருடம் வெண்கொக்குக் கணக்கு கொடுத்தேன். கேள்விக்குறியோடு வந்தது. மறுபடி எண்ணினேன், அதே எண். மறுபடி கேள்விக்குறி. மூன்றாம் நாள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், எதிர்க்கரையில் நான் குத்தியிருந்த பதினேழு கொக்குகள் சலவைக்காரர் காயப்போட்ட வேட்டிகள். மேடம் அன்றைக்கும் சிரிக்கவில்லை. கேண்டீன்தான் ஒரு மாதம் சிரித்தது.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் முதல் நாள் கரையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். "பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துச்சுன்னா, நாம வந்த காரியம் கெட்டுச்சு." கேட்டுக் கேட்டு எனக்கு அது சினிமாவுக்கு முன்னால் வரும் நியூஸ் ரீல் மாதிரி ஆகிவிட்டது.

இனி அந்த ஜனவரி. வெள்ளானூரைத் தாண்டி இருந்த ஓர் ஏரி அது. பெயர் வேண்டாம். அதன் மேற்கோரம் முழங்கால் தண்ணீர்தான். நாரைகள் நிற்பது அங்கேதான். அந்த ஓரத்தை மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் ஒரு இணைப்புச் சாலை போடும் திட்டம் வந்திருந்தது. எங்கள் பிரிவுக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. தொடர்ந்து மூன்று ஜனவரி, விதியில் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் நீர்ப்பறவைகள் இருந்ததாகக் கணக்கு கொடுத்தால் அந்த ஏரி பாதுகாப்புப் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறிய ஏரியில் ஒரு கூடை மண்கூட விழாது. இரண்டு ஜனவரி முடிந்து, எண்ணிக்கையும் தாராளமாக வந்திருந்தது. இது மூன்றாவது.

பொங்கலுக்குப் பிறகு ஒரு காலை போனோம். நாரைகள் குவிந்திருந்தன. அவ்வளவு கூட்டத்தை அந்த ஏரியில் நான் பார்த்ததில்லை. மேடத்தின் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. அவர் தொலைநோக்கியோடு வாத்துகளை எண்ணக் கிழக்கே மதகுப் பக்கம் போனார். நான் கரையின் தெற்கு முனையில் உட்கார்ந்து முதல் சுற்றை முடித்தேன். பதினாலு படம், அத்தனையும் சுத்தம்.

இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இருபது நிமிடம்தான் என்னைக் கெடுத்தது.

அதற்கு முந்தின வாரம் தலைமை அலுவலகத்தில் புகைப்படக் கண்காட்சி நடந்தது. மற்ற பிரிவுக்காரர்கள் யானை, சிறுத்தை, மான் கூட்டம் என்று மாட்டியிருந்தார்கள். என் படத்தையும் ஒன்று மாட்டினார்கள். அதன்முன் நின்ற ஓர் அதிகாரி, "இது என்ன, அரிசி கொட்டி வெச்சிருக்கா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பத்து வருடமாக நாரைகளைப் படம் எடுக்கிறேன், ஒருவரும் ஒரு கணம் நின்று பார்க்கும் மாதிரி ஒரு படம் என்னிடம் இல்லை. எல்லாம் எண்ணுவதற்கான படங்கள்.

இப்போது சூரியன் ஏறிவிட்டது. அந்த ரோஸ் நிறம் ஒவ்வொரு பறவையின் மேலும் பற்றிக்கொண்டது. இவை இப்போது எழுந்தால், அத்தனை இறக்கையும் ஒரே நேரத்தில் விரிந்தால், என்று நினைத்தேன். ரோலில் இன்னும் இருபத்திரண்டு படம் மிச்சம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து நின்றேன். லென்ஸ் மேல் கிடந்த கறுப்புத் துணியை எடுத்து ஒரே ஒரு தடவை உதறினேன்.

அத்தனை கழுத்தும் நிமிர்ந்தன. ஒரு நொடி. அப்புறம் ஏரியே எழும்பியது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு காட்சி என் கேமராவுக்குக் கிடைத்ததில்லை. அந்தச் சில விநாடிகள் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாரைகள் சுற்றவில்லை. நேராக மேற்கே போய், மரங்களுக்கு மேலே கோடாகி, மறைந்துவிட்டன.

மேடம் கரையில் ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். "என்னாச்சு இப்ராஹிம்?"

"பூனைப்பருந்து மேடம். தாழப் பறந்துச்சு. எல்லாம் கிளம்பிடுச்சு."

எவ்வளவு சரளமாக வந்தது! நாரைகளை அது கிளப்புவது உண்டு என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். பத்தடி தள்ளித் தண்ணீரில் ஏழுமலை எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஏரிக்கரைக்காரர், எங்கள் குச்சிகளைக் காவல் காப்பவர். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எருமையின் முதுகில் வைக்கோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் பிரிவில் இன்னொரு விதி உண்டு. ரோல் முழுவதையும் சிறு சிறு படங்களாக ஒரே தாளில் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். ஒன்றையும் வெட்டக் கூடாது. ஃபிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் எண் இருக்கும், ஒன்று குறைந்தால் தெரிந்துவிடும். இருட்டறையில் கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். பயத்தால் மட்டும் வைக்கவில்லை. பறக்கும் அந்தப் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. மேடம் பார்க்க வேண்டும் என்று என் புத்தி கெட்ட மனசு ஆசைப்பட்டது.

மறுநாள் மேடம் தாளின்மேல் பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். பதினைந்தாம் படத்தில் கை நின்றது. வெகுநேரம் நின்றது. பறக்கும் படங்களுக்கு அவர் போகவே இல்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"பருந்து எங்கிருந்து வந்துச்சு?"

"மேலேர்ந்து மேடம்."

"பருந்து வந்தா பறவை மேல பார்க்கும். இதுங்க எங்க பாக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். பதினைந்தாம் படத்தில் நாரைகள் பறக்கவில்லை. கழுத்தை மட்டும் தூக்கியிருந்தன. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை, ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் லென்ஸுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. கல்யாண வீட்டு குரூப் போட்டோவில்கூட ஒருவராவது திரும்பி நிற்பார். இதில் ஒருவரும் திரும்பவில்லை.

"ஆமா மேடம். நான்தான் எழுப்பினேன். ஒரே ஒரு தடவைதான் துணியை உதறினேன். திரும்பி வந்துரும்னு நினைச்சேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார். "மாசம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. நாளைலேர்ந்து தினமும் போவோம்" என்றார். அவ்வளவுதான். கேள்விக்குறிகூடப் போடவில்லை.

ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஒரே ஒரு காலை நாரைகள் திரும்பி வந்து மூன்று சுற்று முடிந்தால் போதும். பதினோரு காலையும் போனோம். பனியில் கேமரா நனையும், துடைப்பேன். நான் முக்காலிக்குப் பக்கத்தில், மேடம் பத்தடி தள்ளி. வாத்துகளை எண்ண மதகுப் பக்கம் அவர் போகவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச்சு கிடையாது. ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தருவார், குடிப்பேன். ஏழு மணிக்குக் கரையிலிருந்து கிளம்பி அலுவலகம் போவோம். ஒரு நாள் இருபது நாரை வந்தது. ஒரு நாள் அறுபது. மேற்கோரத்துக்கு அப்பால், திட்டம் கையெழுத்தாவதற்கு முன்பே, நாலைந்து லாரி செம்மண் குவித்துவிட்டார்கள். அந்தக் குவியலைப் பார்க்காமல் இருக்க நான் நாரை இல்லாத தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏழுமலைதான் ஒருநாள் மேடம் கேட்காத தூரத்தில் என்னிடம் வந்தார். "பாய், நீ இன்னாத்துக்கு அத்த எழுப்பி உட்ட? சும்மா மேஞ்சிகினு இருந்திச்சு."

"படம் எடுக்க ஏழுமலை."

"படத்த வெச்சிகினு இன்னா பண்ணுவ? மண்ணு கொட்டிட்டானுங்கன்னா என் எருமைங்கோ எங்க போவும்? அத்த எதுனா ரோசன பண்ணியா?"

அவருக்கு இருந்தது நாலு எருமை. வருடத்தில் பாதி நாள் அவை மேய்வது அந்த மேற்கோரத்தில்தான். என் கணக்கில் அவை வந்ததே இல்லை. பறவை இல்லாததை நாங்கள் எண்ணுவதில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மூடுபனி. ஒன்பது மணி வரை இருந்தோம். பனி விலகியபோது தண்ணீரில் ஒரே ஒரு நாரை நின்றது. மேடம் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "கிளம்பலாம்" என்றார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. ஏழுமலை. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "பாய், வந்துட்ச்சிங்க! அல்லாம் வந்துட்ச்சிங்க! ஏரி ஃபுல்லா வெள்ளையா கீது, வா வா!"

பக்கத்து மளிகைக் கடையிலிருந்து மேடம் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் பட்டாபிராமிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். மூன்று சுற்று, நாற்பத்திரண்டு படம். அன்றைக்கு நான் எடுத்ததுதான் என் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான கணக்குப் படம். குத்தி எண்ணி முடித்தபோது விதியில் சொன்ன எண்ணிக்கையைத் தாராளமாகத் தாண்டியிருந்தது. நான் கலைத்த கூட்டத்தைவிடவும் அதிகம்.

படிவத்தை மேடத்தின் மேசையில் வைத்தேன். தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"முப்பத்தொண்ணுன்னு தேதி போட்டுருங்க மேடம்" என்றேன். "ஒரு நாள்தானே? அதே ஏரி, அதே நாரை. யாருக்கும் தெரியப் போறதில்ல."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பறவைக்குத் தேதி தெரியாது இப்ராஹிம்" என்றார். "எனக்குத் தெரியுமே." பிப்ரவரி ஒன்று என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில், "ஜனவரியில் முதல் சுற்றுக்குப் பின் பறவைகள் எங்களால் கலைக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எங்களால் இல்ல மேடம், என்னால."

"நான் உங்க மேலதிகாரி" என்றார்.

படிவம் 'காலவரம்புக்கு வெளியே' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. அடுத்து வர வேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. மழைக்கு முன்பே மேற்கோரத்தை மேடாக்கிவிட்டார்கள். ஏழுமலை எருமைகளை விற்றுவிட்டு அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலைக்குப் போனார். பறக்கும் நாரைகளின் படத்தை நான் எந்தக் கண்காட்சிக்கும் கொடுக்கவில்லை. அதனால் என்ன, ஒன்றும் திரும்பி வரப் போவதில்லை. மேடத்தின் கீழ் இன்னும் எட்டு வருடம் வேலை பார்த்தேன். கரையில் பழையபடி டீ ஊற்றிக் கொடுப்பார். அந்த ஜனவரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசவில்லை. என் மனசில் ஒரு சமாதானம் மட்டும் செய்துகொண்டேன்: நான் தப்பு செய்தேன், மேடம் சரியாகச் செய்தார், அந்த மட்டில் எங்கள் பிரிவின் மானம் பிழைத்தது.

இதை எழுதத் தொடங்கியதும் ஒரு சந்தேகம். படிவத்தில் குறிப்புக் கட்டம் தேதிக்கு மேலா கீழா என்று. அந்தச் சாக்கில் போன ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமுக்குப் போனேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாய்வு நாற்காலியில் இருந்தார் மேடம். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறார். ட்ரோனைப் பற்றிச் சொன்னேன். "பறவை தலையைத் தூக்கலையா? ரொம்ப நல்லது" என்றார் இரண்டு தடவை.

பேச்சு எப்படியோ அந்தத் தேதிக்கு வந்துவிட்டது. "நீங்க அன்னைக்கு உறுதியா நின்னீங்க மேடம். அதைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்" என்றேன், ஏதோ பரிசு கொண்டுவந்தவன் மாதிரி.

"உறுதியா?" அவர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு படிவம் எழுதினேன் இப்ராஹிம். நீங்க போனதுக்கப்புறம் முப்பத்தொண்ணு போட்டு இன்னொண்ணு எழுதி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நிஜத் தேதி போட்டதை அனுப்பினேன். அது சரியான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. ஏரி மேல போட்ட அந்த ரோட்டு வழியா பஸ்ஸுல போகும்போதெல்லாம், ஒரு நாள்தானே, எழுதியிருக்கலாமேன்னு தோணும்."

இத்தனை வருடம் நான் சாய்ந்துகொண்டிருந்த சுவர் அவருடைய அந்த உறுதிதான். அவர் சரியாகச் செய்தாரா, தப்பாகச் செய்தாரா என்பதல்ல விஷயம். இரண்டு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நேர்மையான மனுஷி தவிக்க வேண்டிய இடத்தில் அவரை உட்காரவைத்தவன் நான். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"என்னை மன்னிச்சிருங்க மேடம்."

அவர் கையை நீட்டித் தடவி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு வருஷம் ஆச்சா?" என்றார். "அந்தப் பதினோரு நாளும் நான் நாரைக்காக மட்டும்தான் அங்க உட்கார்ந்திருந்தேன்னு நினைச்சீங்களா?"